ஓரிடத்தில் நின்று விற்றவர்

எங்கள் தெருமுனையில் உள்ள நோட்டுப் புத்தகக் கடையின் பெயர்ப்பலகையில், 'ஸ்டேஷனரி' என்னும் ஆங்கிலச் சொல்லின் கடைசிப் பகுதியில் ஈ வர வேண்டிய இடத்தில் ஏ எழுதப்பட்டிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அதைப் பார்த்துவிட்டு, இயற்பியல் பாடத்தில் வரும் சொல்லும் இதுவும் ஒன்றா என்று கேட்டாள்.

ஒலியில் ஒன்றுதான், பொருளில் வேறு. ஏ வரும் சொல், அசையாமல் ஓரிடத்தில் நிற்பதைக் குறிக்கும் பெயரடை; பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியிலிருந்து பார்ப்பவருக்கு நகராமல் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைத் துணைக்கோளின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இதுவே. ஈ வரும் சொல் தாள், உறை, பேனா முதலிய எழுதுபொருள்களைக் குறிக்கும் பெயர்ச்சொல்.

'என்வலப்' என்ற சொல் ஈ எழுத்தில் தொடங்குவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் இரு சொற்களும் ஏன் இவ்வளவு நெருங்கி ஒலிக்கின்றன என்பதை அது விளக்கவில்லை, எனக்கோ அந்தக் காரணம்தான் முக்கியமாகப்படுகிறது.

இரண்டும் 'நிற்றல்' என்று பொருள்படும் ஒரே லத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. ரயில் நிற்கும் ஸ்டேஷனும் அவற்றின் உறவுதான். இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலான வணிகர்கள் ஊர் ஊராகச் சுற்றி விற்றபோது, போலோன்யா, பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு போன்ற பல்கலைக்கழக நகரங்களில் நிலையான கடை வைத்து, கையெழுத்து நூல்களைப் படியெடுக்கக் கொடுத்தும் விற்றும் வந்தவரை, ஓரிடத்தில் நிற்பவர் என்ற பொருளில் 'ஸ்டேஷனர்' என்று அழைத்தார்கள். லண்டனில் இவர்களுடைய சங்கம் 1403-இல் உருவாகி, 1557-இல் அரச சாசனம் பெற்றது. அச்சிடும் உரிமைக்காக நூல்களைப் பதிவுசெய்த அதன் பதிவேட்டில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களும் இடம்பெற்றுள்ளன. நூல் விற்பனை தனித்தொழிலாகப் பிரிந்த பிறகு, தாளும் மையும் இறகுப் பேனாவும் விற்றவரிடமே அந்தப் பெயர் தங்கிவிட்டது.

பேக்கர் செய்து விற்பது பேக்கரியில் கிடைப்பதுபோல, ஸ்டேஷனர் விற்ற பொருள் ஸ்டேஷனரி ஆயிற்று. விற்பவரின் பெயரில் உள்ள ஈ எழுத்தே பொருளின் பெயரிலும் தொடர்கிறது. இதைச் சொன்னதும் மகள் தன் நோட்டில் மூன்று சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அந்த எழுத்தின் கீழ் மட்டும் கோடிட்டாள்.