தைரியமா அழி

"அண்ணா, இதெல்லாம் தானா உருவான ஃபைல்தானே, அழிச்சிடலாமா?"

"தானா வந்தது தானா வரும். தைரியமா அழி." திரையிலிருந்து தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னேன்.

கேட்டவன் என் டீம் ஜூனியர். நான் நினைத்தது நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை, அதாவது பிறர் எழுதி நாங்கள் இறக்கிப் பயன்படுத்தும் பேக்கேஜ்கள் கிடக்கும் இடத்தை. அதை எப்போது வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம், பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தால் வந்துவிடும். கோடின் பழைய பதிப்புகளைக் காத்து வைக்கும் கிட்டில்கூட அதைச் சேர்ப்பதில்லை. அவன் அதோடு பேக்கேஜ்-லாக் ஃபைலையும் அழித்துவிட்டான். காலையிலிருந்து மெர்ஜ் கான்ஃப்ளிக்டில் (ஒரே ஃபைலில் இருவர் செய்த மாற்றங்கள் மோதுவது) அவனைப் படுத்தியது அதுதான். ஆயிரக்கணக்கான வரிகள், ஒன்றுகூட மனிதர் கையால் எழுதியதல்ல. அவன் கேட்டது நியாயமான கேள்வி. எந்த ஃபைல் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

சரி, அதுவும் தானாகவே திரும்ப வந்தது. ஆனால் பழையபடி வரவில்லை. எந்தெந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசன் ஃபைலில் நாம் எழுதுவது வெறும் பதிப்பு வரம்பு. கேரட் குறி (^) போட்டு 4.2.0 என்றால், 5.0.0-க்குக் கீழே புதிதாக எது இருந்தாலும் இறங்கலாம். உண்மையில் இறங்கியது எது என்பது, நாம் பெயர்கூடக் கேட்டிராத துணைப் பேக்கேஜ்கள் உட்பட, லாக் ஃபைலில்தான் இருக்கும். அப்படி ஒரு துணைப் பேக்கேஜ் புதுப் பதிப்பாக வந்து, பில்களில் நாளும் மாதமும் இடம் மாறின. டெஸ்ட் எல்லாம் பச்சை. டெஸ்டில் நாங்கள் வைத்திருந்த தேதி ஜனவரி 1!

கிட்டிலிருந்து பழைய லாக் ஃபைலை எடுத்து, அதில் உள்ள பதிப்புகளை அப்படியே இறக்கும் என்பிஎம் சிஐ ஓட்டியதும் சரியாகிவிட்டது. அது பெரிய விஷயமில்லை.

அப்புறம் நடந்த மீட்டிங்தான் உறுத்துகிறது. "நான்தான் சார் அழிச்சேன்" என்றான் அவன். யார் சொல்லி அழித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பதில் லாக் ஃபைல் எதற்கு என்று பத்து நிமிடம் விளக்கினேன், அவனும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். ரிவ்யூவில் மடித்துக் காட்டிய அந்த டிஃப்பை, அதாவது என்ன மாறியது என்ற பட்டியலை, விரித்துக்கூடப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்ததும் நான்தான். லாக் ஃபைலை அழி என்று நான் சொல்லவில்லை என்பதும் உண்மைதானே?

போன வாரம் டிஸ்ட் ஃபோல்டரை அழிக்கலாமா என்று கேட்டான். தாராளமாக அழிக்கலாம், பில்ட் ஓட்டினால் வந்துவிடும். "எதுக்கும் ஒரு காப்பி வச்சுக்கோ" என்றேன்.

"எதுக்குண்ணா?" என்றான்.