நாலு ஆத்தங்குடிக் கல்

எட்டாம் வகுப்பு விடைத்தாள். 240 ரூபாய்க்கு 12½ சதவீதத் தள்ளுபடி எவ்வளவு என்பது கேள்வி. ஒரு பையன் 30 என்று மட்டும் எழுதியிருந்தான். பெருக்கியதோ நூறால் வகுத்ததோ எதுவும் தாளில் இல்லை. சிவப்பு மையில் "வழிமுறை எங்கே?" என்று எழுதிச் சுழியம் போட்டேன். அத்தோடு விடவில்லை. தாளைக் கொடுக்கும்போது, வகுப்பே கேட்கும்படி, "யாரைப் பார்த்து எழுதினாய்?" என்றும் கேட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அரைக்கால்தானே சார்" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உட்காரச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் காரைக்குடி பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. நூற்றுக்குப் பன்னிரண்டரையும் அதேதான். 240இல் பாதி 120, அதில் பாதி 60, அதிலும் பாதி 30. மறுநாள் அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அப்பத்தா சொல்லிக் கொடுத்ததாம். அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை; சந்தையில் காய் விற்றவர். கால், அரைக்கால், அதிலும் பாதியான மாகாணி எல்லாம் அவருக்கு நாக்கு நுனியில் இருந்திருக்கிறது.

இந்த மண்ணுக்கு அது புதிதே இல்லை. 320இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லி மனத்தில் ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடை நடத்தப் போன செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குத்தான் முதல் படிப்பு. அந்தக் கணக்கின் கடைசித் துணுக்கு ஒன்று ஒரு பாட்டியின் வாய்வழியாக என் வகுப்புக்கு வந்திருக்கிறது. நான் அதைக் காப்பி அடித்தது என்று சொல்லியிருக்கிறேன். மதிப்பெண்ணைத் திருத்தினேன், வகுப்பு முன்னால் அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒன்று 'தெரியும்' என்று நான் எதை வைத்து முடிவு செய்கிறேன்?

பி.எட். படிக்கும்போது கல்வியின் தத்துவ அடிப்படைகள் என்று ஒரு தாள் இருந்தது. கருத்துமுதல்வாதம், இயற்கைவாதம், பயன்வழிவாதம் என்று வரிசையாக மனப்பாடம் செய்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பிறந்த குழந்தையின் மனம் எழுதாத வெள்ளைத்தாள் போன்றது என்று ஜான் லாக் சொன்னதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பேன். ஆனால் வகுப்பில் நான் அந்த வெள்ளைத்தாள் நம்பிக்கையோடுதான் நிற்கிறேன், நான் எழுதாத எதுவும் அந்தத் தாளில் இருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் பேசுகிறேன் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது. லாக் அந்தத் தாளை நிரப்புவது அனுபவம் என்றார். நான் அந்த இடத்தில் என்னை வைத்துக்கொண்டேன். எல்லா ஆசிரியரிடமும் அறிவைப் பற்றி இப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது. வாயால் சொல்லமாட்டோம். தப்பான விடை வரும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதில் அது வெளியே வந்துவிடும்.

அப்புறம்தான் பிளேட்டோவின் 'மேனோ' உரையாடலைத் தேடிப் படித்தேன். படிப்பில்லாத ஓர் அடிமைச் சிறுவனிடம் சாக்ரட்டீஸ் மணலில் ஒரு சதுரம் வரைந்து காட்டுகிறார். பக்கம் 2 அடி, பரப்பு 4. இதைப் போல இரு மடங்கு பரப்புள்ள சதுரம் வேண்டும், பக்கம் எவ்வளவு? 4 அடி என்கிறான் பையன். பரப்பு 16 ஆகிவிடுகிறது. 3 என்கிறான். 9 வருகிறது. பிறகு எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறான். அந்த இடத்தில் சாக்ரட்டீஸ் நின்று, இப்போது இவன் முன்பைவிட நல்ல நிலையில் இருக்கிறான், தெரியாதது தெரியாது என்றாவது தெரிந்துவிட்டதே என்கிறார். அதே நூலின் பின்பகுதியில் இன்னொன்றும் வரும். சரியான எண்ணம் மட்டும் இருந்தால் ஓடிப்போய்விடும், காரணம் என்ற கயிற்றால் கட்டினால்தான் அது அறிவாக நிற்கும். என் சிவப்புப் பேனா கேட்டதும் அந்தக் கயிற்றைத்தான். அதில் தப்பில்லை. ஆனால் புத்தகத்தில் உள்ள ஒரு கயிறுதான் கயிறு என்று நினைத்தேன். அந்தப் பையனிடம் அதைவிட உறுதியான கயிறு இருந்தது.

நம்மவர்கள் இதையெல்லாம் அளவை என்ற சொல்லுக்குள் வைத்துப் பேசினார்கள். நெல்லை மரக்காலால் அளக்கிறோம். அறிவை எதனால் அளப்பது? மணிமேகலையில் அவள் பல சமயத்தாரிடம் போய்க் கேட்கும்போது முதலில் பேசுபவர் அளவைவாதிதான். சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என்று மூன்றைக் கொண்டார்கள். கண்ணால் காண்பது, கண்டதிலிருந்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லைக் கேட்பது. பௌத்தர்கள் முதல் இரண்டே போதும் என்றார்கள். படித்தபோது, பதினோரு வருடமாக நான் உரை ஒன்றை வைத்தே பாடம் நடத்தியிருக்கிறேன் என்று தோன்றியது.

அதற்காக உரையைத் தூக்கிப் போடவும் முடியாது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பிள்ளைகள் அறிவைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள் என்பதை அடிப்படையாக வைத்தது. நம் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தன. நல்ல மாற்றம். ஆனால் சில இடங்களில் செயல் என்பதே இன்னொரு சடங்காகிப் போனதையும் பார்த்தேன். ஏன் ஒட்டுகிறோம் என்று தெரியாமல் வண்ணத்தாள் ஒட்டுவதும் மனப்பாடம்தான், கையால் செய்கிற மனப்பாடம்.

பை என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் 22/7 என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். இப்போது பிள்ளைகளை வீட்டிலிருந்து அண்டா, தூக்குச்சட்டி, தாம்பாளம் என்று கொண்டுவரச் சொல்கிறேன். வாயைச் சுற்றி நூலைக் கட்டி, அந்த நூலில் குறுக்களவு எத்தனை முறை அடங்குகிறது என்று பார்ப்பார்கள். பெரிய அண்டாவானாலும் சின்னத் தூக்கானாலும் மூன்று முறை போய்க் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளை பிறகு மறப்பதில்லை. ஆனால் அந்த எண்ணை எந்தப் பின்னமாகவும் முழுசாக எழுதிவிட முடியாது, 22/7 ஒரு கிட்டத்தட்டக் கணக்குத்தான் என்பதை எந்த அண்டாவும் காட்டாது. 1760களில் லாம்பர்ட் என்பவர் நிரூபித்தார் என்று நான்தான் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் அந்த நிரூபணத்தைச் செய்துகாட்ட முடியாது. "இதை மட்டும் இப்போதைக்கு என் வாய்ச்சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள், ஒருநாள் நீங்களே பார்ப்பீர்கள்" என்பேன். எது பார்த்தது, எது ஊகித்தது, எது கேட்டது என்று பிரித்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு நம்மேல் நம்பிக்கை கூடுகிறது. குறைவதே இல்லை.

என் வகுப்பில் ஒரு பெண், அப்பா ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்கிறவர். ஒரு சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தையும் பூ அச்சையும் பொருத்தி, கரண்டியால் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஒவ்வோர் அறையிலும் ஊற்றினார். அச்சைத் தூக்கினார். வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்கவில்லை. மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு கலவையைப் போட்டு மட்டப்படுத்தினார். ஆறிக் காய்ந்து கண்ணாடியிலிருந்து பிரியும்போது கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும். குழம்பு எவ்வளவு தண்ணியாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அதைச் சொல்லத் தெரியலை சார். கரண்டியில எடுக்கும்போதே கைக்குத் தெரிஞ்சுரும்" என்றார். சொல்ல முடிவதைவிட அதிகமாகவே நமக்குத் தெரியும் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி 1966இல் எழுதினார். அதை அந்தப் பட்டறையில்தான் நான் பார்த்தேன். எழுத்துத் தேர்வில் அவருடைய அறிவுக்கு எத்தனை மதிப்பெண் விழும் என்று நினைத்தபோது மனசு கனத்தது.

வரும்போது ஓரம் உடைந்த நாலு கல்லைக் கொடுத்தார். 8 அங்குலச் சதுரம். திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புத் தரையில் ஒரு கல்லை வைத்து மேனோவின் கேள்வியையே கேட்டேன். இதைப் போல இரு மடங்கு பரப்பு, ஆனால் அதுவும் சதுரமாக இருக்க வேண்டும். 16 அங்குலம் என்று பத்துக் குரல். நாலு கல்லையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள், நாலு மடங்காகிவிட்டது. 12 என்றார்கள். 144 வந்தது, தேவையோ 128. அப்படியே அமைதி. ஏதென்ஸ் சிறுவன் சறுக்கிய அதே இரண்டு இடங்களில் எங்கள் பிள்ளைகளும் சறுக்கினார்கள். எனக்கு வாய் துடித்தது. சொல்லவில்லை.

கல்லுக்காரர் மகள்தான் முதலில் குனிந்தாள். சேர்த்து வைத்த நாலு கல்லிலும் சுண்ணாம்புக் கட்டியால் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டாள். நடுவில் ஒரு சதுரம், சாய்ந்து நின்றது. "ஒவ்வொரு கல்லுலயும் பாதி சார். நாலு பாதி, ரெண்டு கல்லு" என்றாள். தரை போடும்போது ஓரத்துக்குக் கல்லைக் குறுக்கே வெட்டுவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருப்பாள்.

ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் புலமை வரும், உடன் படிப்பவரோடு பழகி இன்னொரு கால், தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை என்று நன்னூல் கணக்குப் போட்டிருக்கிறது. அன்று தாமதமாக வந்த பையனுக்கு நான் விளக்கவில்லை. அவளே அவனைத் தரையில் உட்காரவைத்து, 16இலிருந்து தொடங்கி, அவனையும் தப்பாகச் சொல்லவிட்டு, பிறகு கோடு போட்டுக் காட்டினாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், அப்ப மூணு மடங்கு வேணும்னா கோடு எங்க போடுறது?"

மணி அடித்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் சுண்ணாம்புக் கட்டியை அவளிடமே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.