வெளியிலிருந்து பிரிண்ட் கொடுக்க ஃபயர்வாலில் ஒரே ஒரு வாசல்

வெளியூரிலிருந்து அலுவலகப் பிரிண்டரில் அச்சிட, ரூட்டரில் 9100ஐ (பிரிண்டர் அச்சு வேலையை வாங்கும் போர்ட், அதாவது வாசல் எண்) நேராகப் பிரிண்டருக்குத் திருப்பிவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் அந்தப் போர்ட்டில் கடவுச்சொல்லும் இல்லை, குறியாக்கமும் இல்லை. ஊரில் உள்ள எவரும் தாளைத் தீர்த்துவிடலாம். ஆகவே பிரிண்டருக்குப் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றை வைத்து, வயர்கார்டு (இணையத்தினூடே குறியாக்கிய தனிவழி, அதாவது டனல், போடும் விபிஎன் மென்பொருள்), கப்ஸ் (அச்சு வேலைகளை வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் மென்பொருள்) இரண்டையும் அதிலேயே நிறுவினோம். ரூட்டரில் திறந்தது யூடிபி 51820 மட்டுமே. சாவி பொருந்தாத பாக்கெட்டுக்கு வயர்கார்டு வாயே திறக்காது.

டனலில் பைக்கு 10.8.0.1, லேப்டாப்புக்கு 10.8.0.2. ஹேண்ட்ஷேக்கே (இரு முனையும் சாவியைச் சரிபார்த்து இணைவது) வரவில்லையென்றால் ரூட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் இணைய நிறுவனமே உங்களைப் பலர் பகிரும் ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. போர்ட் திருப்பிப் பயனில்லை.

ஹேண்ட்ஷேக் வந்த பிறகும் கப்ஸ் 403 (அனுமதி இல்லை) என்று விரட்டியது. அரை நாள் இதற்கே போயிற்று. கப்ஸ் அமைப்பில் அனுமதிக்கு வழக்கமாக இருக்கும் '@லோக்கல்' (உள் நெட்வொர்க்கில் உள்ளவை), பாயின்ட்-டு-பாயின்ட் (முனைக்கு முனை நேராக இணைக்கும்) இணைப்புகளைக் கணக்கில் சேர்க்காது. வயர்கார்டு அந்த வகைதான். டனலின் முகவரிகள் அனைத்தையும் குறிக்கும் 10.8.0.0/24ஐத் தனியாக அனுமதித்ததும் சரியானது. இன்னொரு வம்பு: கப்ஸை 10.8.0.1இல் மட்டும் கேட்கச் சொன்னால், பை மறுதொடக்கமாகும்போது டனலுக்கு முன்பே கப்ஸ் எழுந்துவிடுகிறது, அந்த முகவரி அப்போது இருப்பதில்லை. கப்ஸை எல்லா முகவரியிலும் கேட்கவிட்டு, கப்ஸின் போர்ட்டான 631ஐ டனல் வழியாக வந்தால் மட்டும் ஏற்கும்படி பையின் ஃபயர்வாலில் விதி எழுதுவதே மேல்.

லேப்டாப்பில் பிரிண்டர் தானாகத் தலைகாட்டாது. அதைக் கண்டுபிடிக்க உதவும் மல்டிகாஸ்ட் (நெட்வொர்க்கில் பலருக்கும் ஒரே நேரத்தில் போகும் அறிவிப்பு) டனலைத் தாண்டாது. ஐபிபி (இணைய அச்சு நெறிமுறை) முகவரியைக் கையால் கொடுத்துச் சேருங்கள்.

சோதனைப் பக்கம் வந்துவிட்டது, 40 பக்க பிடிஎஃப் மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் டிரைவரைக் குறை சொல்லாதீர்கள். வயர்கார்டின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) வழக்கமாக 1420. நடுவில் பிபிபிஓஇ (சில இணைய நிறுவனங்கள் பயன்படுத்தும் இணைப்பு முறை) இருந்தால் அதை 1412க்குள் வைப்பது பாதுகாப்பு. 'பாக்கெட் பெரிது' என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை யாராவது தடுத்திருந்தால் பெரிய பாக்கெட் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். இரு முனையிலும் 1280 வைத்ததும் முழுசாக வந்தது.

வழியை மட்டும் பூட்டினால் போதாது: அச்சான கோப்பை கப்ஸ் ஒரு நாள், அதாவது 86,400 விநாடி, வட்டில் வைத்திருக்கும். சம்பளப் பட்டியல் போன்றவை போகும் இடமென்றால் 'பிரிசர்வ் ஜாப் ஃபைல்ஸ்' என்பதை 'நோ' ஆக்கிவிடுங்கள்.