கேத்லீன் ஃபெரியர் கேட்கும் நாட்கள்

ஜனவரி 29
ரிப்போர்ட் வரவில்லை.

ஜனவரி 30
பெண் குரல்களில் மிகத் தாழ்ந்தது கான்ட்ரால்டோ. அதற்கு ஓபராவில் மிஞ்சுவது சூனியக்காரி, செவிலித்தாய், ஏதாவது கிழவி. இங்கிலாந்துக் கான்ட்ரால்டோ ஃபெரியர் ஓபரா மேடையில் ஏற்றதே இரண்டு வேடம்: 1946இல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் லுக்ரீஷியா, அடுத்த வருஷம் க்ளக் இசையமைத்த ஆர்ஃபியோ. இரண்டும் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவில். மற்றபடி சோறு போட்டது கச்சேரிதான். ஹாண்டல், பாக், பிராம்ஸ், மாலர்.

ஜனவரி 31
ஹாண்டலின் 'மெசையா'வில் வரும் பாட்டு, 'ஹி வாஸ் டிஸ்பைஸ்ட்'. கேட்க எளிது, பாடினால் தெரியும். பியானோவின் நடு ஸி ஸ்வரத்துக்குச் சற்று மேலே, ஈ, எஃப் பக்கம், நெஞ்சுக்குரல் முடிந்து தலைக்குரல் தொடங்குகிறது. பாட்டு அந்த எல்லையிலேயே போய் வருகிறது. நெஞ்சுக் கனத்தை மேலே இழுத்துப்போனால் குரல் கத்தலாகி உடையும். சீக்கிரமே விட்டுவிட்டால் கீழ் ஸ்வரங்கள் வெளிறிவிடும். மேலிருந்து மெல்லிசாக இறங்கி, நெஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக வேண்டும். வரிகளுக்கு நடுவே மௌனங்கள் வேறு. அங்கே விலா தளர்ந்தால் அடுத்த எடுப்பு சுருதி இறங்கித்தான் வரும்.

பிப்ரவரி 1
ஃபெரியர் முதலில் பிளாக்பர்ன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். இங்கே போன் அடிக்கவே இல்லை.

பிப்ரவரி 2
மாலரின் 'தி சாங் ஆஃப் தி எர்த்'தின் கடைசிப் பாட்டு மட்டும் அரைமணி நேரம். முடிவில் 'ஏவிஷ்', 'என்றென்றும்', திரும்பத் திரும்ப. ஸி-யை ச என்று வைத்தால், குரல் க-வில் தொடங்கி ரி-யில் நின்றுவிடுகிறது. ச-வுக்கு வரவே இல்லை. அடியில் ஆர்கெஸ்ட்ராவின் ஸி மேஜர் கார்டு, அதோடு ஒட்டிக்கொண்ட ஒரு த. மூச்சு போதாதவர்கள் ரி-யைத் தள்ளிவிடுவார்கள், அப்போது அது முடிவு மாதிரி ஒலிக்கும். ஒலிக்கக் கூடாது. 1947இல் எடின்பரோவில், புரூனோ வால்டர் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, ஃபெரியர் அழுகையில் கடைசிச் சொல்லைப் பாட முடியாமல் விட்டார். 1952 மே மாத வியன்னா பதிவில் முழுசாக இருக்கிறது.

பிப்ரவரி 3
மறுபடி அந்த ரி.

பிப்ரவரி 5
ஆர்ஃபியோவின் 'கே ஃபாரோ': மனைவியை இரண்டாம் தடவை பறிகொடுத்தவன் பாடுவது மகிழ்ச்சிக்கு உரிய மேஜர் ஸ்கேலில்! வேகம் கொஞ்சம் பிசகினாலும் பொம்மலாட்டப் பாட்டாகிவிடும் என்று க்ளக்கே எச்சரித்திருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது, எல்லோரும் வேகமாகப் பாடி ஓடுகிறார்கள்.

பிப்ரவரி 6
1953, இதே தேதி. லண்டனின் காவன்ட் கார்டன் ஓபரா அரங்கு, பார்பிரோலி ஆர்கெஸ்ட்ராவை நடத்திய ஆர்ஃபியோ, இரண்டாவது நாள் நிகழ்ச்சி. மார்பகப் புற்றுநோய், கதிர்வீச்சு. மேடையிலேயே தொடை எலும்பு உடைந்தது. நடமாட முடியாமல் நின்ற இடத்திலிருந்தே கடைசிவரை பாடினார். மீதி நாள் நிகழ்ச்சிகள் நடக்கவில்லை. அக்டோபர் 8இல் இறந்தார், வயது 41.
எலும்பு எப்படிப் பலம் இழக்கிறது என்று படித்துக்கொண்டிருக்க வேண்டாம். நாளை பத்தரைக்கு.

பிப்ரவரி 7
பாக், ஹாண்டல் பாட்டுகளை ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் ஏட்ரியன் போல்ட்டுடன் 1952 அக்டோபரில் பதிந்தார். 1960இல் ஸ்டீரியோ வேண்டுமென்று அதே குரலின் மேல் ஆர்கெஸ்ட்ராவைப் புதிதாக வாசித்து ஒட்டினார்கள். பழைய மோனோதான் சரி. பாடுகிறவரின் மூச்சைப் பார்த்து வயலின் வில் எழுவது அதில்தான்