களி கிளறத் தெரிந்தவருக்கு ஜெர்மனியில் பட்டினி இல்லை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து முதுகலை படிக்க ஜெர்மனி போகிறவர்கள் பெரும்பாலும் பெங்களூரில்தான் விமானம் ஏறுகிறார்கள். அதற்கு முந்தைய ஒரு மாதம் வீடு திருவிழாக் கோலத்தில் இருக்கும். பருப்புப் பொடி அரைப்பார்கள், புளிக்காய்ச்சல் கிண்டுவார்கள், அத்தை வீட்டிலிருந்து ஊறுகாய் வரும். 23 கிலோ பெட்டியில் பாதி இதிலேயே நிறைந்துவிடும். பையனுக்கோ பெண்ணுக்கோ அடுப்புப் பற்றவைக்கத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பொடி இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். படிப்பு இரண்டு வருடம். அங்கே படித்துவிட்டு வந்தவள் என்பதால், போகிற தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "என்ன சமைக்கத் தெரியும்?"

"காணொளி பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் அக்கா" என்பார்கள். பார்ப்பதெல்லாம் பிரியாணியும் பன்னீரும்தான். செவ்வாய்க்கிழமை மாலை ஆய்வகம் முடிந்து, நான்கு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில் வீடு திரும்புகிறவருக்கு அது உதவாது. உதவுவது நம் ஊர் அன்றாடத் தட்டு: கேழ்வரகுக் களி, கொள்ளு அல்லது ஏதாவது ஒரு பருப்பு, கீரைக் கடைசல். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கொள்ளில் நூறு கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம். தருமபுரி ரேஷன் கடைகளில் 2023 முதல் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தருகிறார்கள். அதைக் கோழிக்குப் போடும் வீடுகளும் உண்டு. அங்கே ஆசியக் கடையில் அதே மாவை யூரோ கொடுத்து வாங்கும்போதுதான் அருமை தெரியும்.

களி கிளற ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். உப்புப் போட்டுத் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். உடனே கிளறக் கூடாது. தீயைக் குறைத்து, குவியலின் நடுவே கரண்டிக் காம்பால் ஒரு குழி செய்து, கொதிநீர் அதன் வழியாகப் பொங்கி மாவை வேகவைக்க ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகுதான் மரக்கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தோடு அழுத்திக் கிளற வேண்டும். அங்கே ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடித் தளம் போட்ட மின் அடுப்பில் பாத்திரம் வழுக்கிக்கொண்டு கூடவே சுற்றும். ஊரில் அம்மா காலால் அண்டாவை அணைத்துப் பிடிப்பார். அடுப்பு மேடையில் அது நடக்காது. பாத்திரத்தை இறக்கி, மடித்த ஈரத்துணியின் மேல் வைத்துக் கிளறினால் நகராது. கை நனைத்து உருட்டுங்கள். இன்னொன்று: முளைகட்டி அரைத்த மாவைக் கஞ்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முளைவிடும்போது மாவுச்சத்து உடையத் தொடங்குவதால் அதில் களி இறுகாது, கொழகொழவென்று நிற்கும். இரண்டு மாவையும் தனித்தனியே பெயர் எழுதிக் கட்டுங்கள்.

கொள்ளு வேக நேரம் எடுக்கும். குக்கர் இல்லாதவர்கள் ஊரிலேயே வறுத்துப் பொடித்து எடுத்துப் போகலாம். ஜெர்மன் கடைகளில் மைசூர் பருப்பு எங்கும் கிடைக்கும். ஊறவைக்காமலே கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். கீரைக்கு உறைந்த பசலைக்கீரைப் பொட்டலம். ஆய்ந்து, அலசி, நறுக்கும் வேலை எதுவும் இல்லை. பருப்போடு போட்டு, பூண்டும் சீரகமும் சேர்த்துக் கரண்டி முதுகால் மசித்தால் கடைசல்தான். ராஜ்மாவை உலர்ந்த விதையாக வாங்கினால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டில் தின்றால் அதிலுள்ள நச்சு வாந்தி, பேதியில் கொண்டுபோய் விடும். டப்பாவில் வருவது வெந்தது, பயமில்லை.

பெட்டி கட்டும்போது நெய், பால்கோவா, பால் பவுடர், இறைச்சிப் பொட்டலம் என்று எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். இறைச்சியையும் பால் பொருட்களையும் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும், நம் மாம்பழத்துக்கும்கூடத் தாவர நலச் சான்று கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய் உட்பட ஐந்தே பழங்களுக்குத்தான் விலக்கு. மாவும் பொடியும் புளியும் போதும். மிளகாயை ஊரிலேயே வறுத்து அரைத்துவிடுங்கள். விடுதிப் பொதுச் சமையலறையில் வறுத்தால் பக்கத்து அறைக்காரர் இருமுவார், புகை எச்சரிக்கை மணி அலறும். தாளிப்பதானாலும் சிறு தீயில், மூடி போட்டு, சன்னலைத் திறந்துவைத்து.

இனித் தேர்வுக் காலம். குளிர்காலப் பருவத் தேர்வுகள் பெரும்பாலும் பிப்ரவரியை ஒட்டியும் கோடைப் பருவத்துடையவை ஜூலையை ஒட்டியும் வரும். அந்த வாரங்களில் முதலில் கைவிடப்படுவது சமையல். அதன் இடத்தில் பாக்கெட் நூடுல்ஸும் உறைந்த பீட்சாவும் வந்து உட்காரும். படிப்பு அட்டவணை போடும்போதே சமையலுக்கும் இடம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும். ஆகவே சனிக்கிழமை வாங்கி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்தில் பருப்பு ஒன்று, சுண்டல் குழம்பு ஒன்று வைத்து, ஒரு வேளை அளவாகப் பிரித்து உறையவைத்துவிடலாம். உருளைக்கிழங்கு போடாதீர்கள், உறைந்து இளகினால் மணல்மணலாகிவிடும்.

சோற்று விஷயத்தில் நம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வடித்த சோற்றை இரவு முழுக்க மேடையில் விட்டுவிட்டு மறுநாள் சூடாக்கிச் சாப்பிடுவது ஆபத்து. அதில் பெருகும் ஒரு வகைப் பாக்டீரியா விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். தேர்வன்று வயிற்றுப்போக்கோடு கிளம்புவதைவிட ஒரு டப்பா சோற்றைக் கொட்டுவது மேல். தேர்வன்று காலைக்கு நான் சொல்வது கஞ்சிதான்: இரண்டு கரண்டி மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பிலேற்றிப் பத்து நிமிடம் காய்ச்சி, பால் ஊற்றிக் குடித்து, ஒரு முட்டை. முட்டை சாப்பிடாதவர்கள் தயிரையும் பாலையும் விடாதீர்கள். பி12 சத்துக்கு அவைதான் வழி. குளிர்காலத்தில் அங்கே அடிக்கும் வெயில் வைட்டமின் டி உண்டாக்கப் போதாது என்பதால், அதைப் பற்றி மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பணம். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் அளவாக மட்டும் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வரும். வாடகையும் காப்பீடும் போக மிஞ்சுவதைப் பார்த்ததும், ஊரில் அப்பா கட்டும் கல்விக் கடன் தவணை நினைவுக்கு வந்து, மதியச் சாப்பாட்டை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சிக்கனமாகாது. பருப்பும் மாவும் உறைந்த கீரையும் அங்கே மலிவான சரக்குகள். மதியத்துக்கு மென்சா எனப்படும் பல்கலைக்கழக உணவகத்தில் மாணவர் விலையில் தட்டு கிடைக்கிறது. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் ரயில் நிலையத்தில் வாங்கும் காபியிலும் ரொட்டியிலும் பிடியுங்கள்.