630 கிராம்

புரட்டாசி முதல் சனிக்கிழமை, காங்கேயத்தை அடுத்த எங்கள் தோட்டத்துச் சாளையில் பெருமாளுக்குப் படையல் போட்டு முடித்துவிட்டு அம்மா காணொளியில் அழைத்தபோது, நான் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் என் சமையலறையில் நின்றுகொண்டு, முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்திருந்த கோழிக்குஞ்சுகளை வெட்டிக்கொண்டிருந்தேன். பொரித்து ஒருநாள்கூட ஆகாத, மஞ்சள் மாறாத குஞ்சுகள். அம்மா திரையை உற்றுப் பார்த்தார். "இன்னைக்குப் போயி இதென்ன சாமி பண்ற?" என்றவர், என் பதிலுக்குக் காத்திராமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள் முட்டையும் இடுவதில்லை, கறிக்கும் தேறுவதில்லை என்பதால் பொரித்த அன்றே கழிக்கப்படுகின்றன. இங்கே அவற்றை உறையவைத்து, வேட்டைப் பறவை வளர்ப்பவர்களுக்கு விற்கிறார்கள். நாமக்கல் பண்ணைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. ஆனாலும் கத்தியை வைத்தபோது கை தயங்கியது. வாசலில் பருந்தின் நிழல் விழுந்தால் கூச்சலிட்டுக் குஞ்சுகளைக் கொடாப்புக்குள் விரட்டுவதுதான் சிறுவயதில் வீட்டார் எனக்குக் கொடுத்த முதல் வேலை.

என்னிடம் இருப்பது ஹாரிஸ் பருந்து, ஆண். அரிசோனாவிலிருந்து தென் அமெரிக்கா வரையிலான வறண்ட நிலங்களுக்கு உரிய இனம். வேட்டைப் பறவைகளில் அரிதாக, இது குடும்பமாகக் கூடி வேட்டையாடும். மனிதரோடும் ஒப்புநோக்க எளிதில் பழகும் என்பதால் புதியவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரு வல்லூறைக்கூடப் பிடித்து வளர்க்க விடாது. இங்கே, கூண்டில் பொரித்து வளர்ந்த இப்பறவையை வைத்துக்கொள்ளத் தடையில்லை.

வந்த அன்று எடை 712 கிராம். இடக்கையில் தடித்த தோல் உறை, அதன்மேல் பறவை, அதன் கால்களில் கட்டிய தோல்வார்கள் என் விரலிடுக்கில். கண்ணுக்கு நேரே பார்க்கக் கூடாது என்று எனக்குக் கற்றுத்தரும் பெரியவர் எச்சரித்திருந்தார். இரையாக்கப் போகிறவன்தான் அப்படிப் பார்ப்பான் என்று அதற்குத் தெரியுமாம். முதல் மாலையில் பத்தொன்பது முறை கையிலிருந்து பாய்ந்து, வாரில் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்தது. ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கைகொடுத்துத் தூக்கி மீண்டும் உறைமேல் அமர்த்தினேன். கறித்துண்டைக் காலருகே வைத்தும் அது குனியவில்லை.

வயிறு நிறைந்த பறவைக்குக் கையைத் தேடிவரக் காரணமில்லை. ஆகவே நாள்தோறும் நிறுத்து, அளந்து ஊட்டி, பசி எடுக்கும் எடைக்கு மெல்லக் கொண்டுவர வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பறவை நலிந்துவிடும். எனக்கு இதைவிடக் கடினமாக எதுவும் இருந்ததில்லை. வீட்டுக்கு வந்தவரை "சாப்ட்டுட்டுப் போங்க" என்று சொல்லாமல் எங்கள் சாளையிலிருந்து யாரும் அனுப்பியது கிடையாது. மூன்று நாளாக இரையைத் தொடாமல் ஓர் உயிர் எதிரே இருக்க, நான் எப்படிச் சோற்றில் கைவைப்பேன்? அம்மாவும் அன்று கேட்டுவிட்டார்: "பசிக்கப் போட்டுப் பழக்கறதெல்லாம் ஒரு பழக்கமா?" அன்றிரவு, 674 கிராமில் இருந்த பறவையின் முன் இரண்டு முழுக் குஞ்சுகளைப் போட்டுவிட்டு வந்து படுத்தேன். மறுநாள் எடை 698. என் பக்கம் திரும்பவும் இல்லை. என் இரக்கத்தால் அதன் காத்திருப்புதான் நீண்டது.

அப்போதுதான் அப்புச்சியை, அம்மாவின் அப்பாவை, நினைத்தேன். கண்ணபுரம் சந்தையில் வாங்கிவந்த மயிலைக் கன்றுக்கு முதல் பத்து நாள் வேறு யாரையும் தீனி வைக்க அவர் விடவில்லை. ஊறவைத்த பருத்திக்கொட்டையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கட்டுத்தரையில் அசையாமல் நிற்பார். "கையில தின்னுட்டா அப்பறம் அது உம்பட மாடு" என்பார்.

ஏழாம் நாள் மாலை, 660 கிராம். விளக்கைக் குறைத்து, சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தேன். சிறகுகள் உப்பி, உடல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. பின்பு கழுத்தை நீட்டியது, பின்வாங்கியது, என் முகத்தைப் பார்த்தது, குனிந்தது. அலகு தோலுறையைக் கிள்ளி இழுத்ததைக் கட்டைவிரலில் உணர்ந்தேன். தின்று முடித்து, ஒரு காலை மடக்கி இறகுக்குள் இழுத்துக்கொண்டது. நான் அழுதேன்.

இந்த நாடு பழகிவிட்டது என்றுதான் ஆறு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். ஆனால் பறவையோடு வயலோரம் நடக்கையில், இங்குள்ள முள்வேலி எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் கிளுவை வேலியாகிவிடுகிறது. கொழுக்கட்டைப்புல் வாசனைகூட வந்துவிடும். கை தளர்ந்தால் நகங்கள் உறையை இறுக்கும், யார்க்‌ஷயருக்குத் திரும்புவேன்.

ஐப்பசியில் எடை 630க்கு வந்தது. நீண்ட கயிறு கட்டி, வேலிக்காலில் அமர்த்தி, முதலில் ஐந்து மீட்டர், பிறகு பத்து, ஒரு ஞாயிறன்று இருபத்தைந்து. உறையில் கறியை வைத்துச் சீழ்க்கையடித்ததும் புல்லை உரசுவதுபோலத் தாழப் பறந்து, கடைசிக் கணத்தில் மேலெழுந்து கையில் இறங்கியது, அதன் காலில் கட்டிய மணி ஒலித்தது. கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அந்தச் செந்நிறத் தோள்களைக் கண்டதும் கருடனைக் கண்டதுபோல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எத்தன கிராமு?"

"630 இருக்குதுங்கம்மா."

"குளுருக்குக் கொஞ்சம் சேத்திப் போடு சாமி."

அன்று மாலை பெரியவரும் அதையே சொன்னார். இரவில் உறைபனி விழும், உடற்சூட்டுக்கே தீனி செலவாகும் என்றார். இவ்வினத்துக்கு உறைகுளிரில் சிறகு நுனி வீங்கும் நோய் வரக்கூடும் என்பதால் உள்ளே எடுத்துவிடவும் சொன்னார். கொட்டகையில் பறவை அமரும் தாங்குகாலை நட்டு, அதில் ஒற்றைக் கையால் வாரை முடிச்சிட்டுவிட்டு, இன்னும் அரைக்குஞ்சு வெட்டி எடுத்துச் சென்றேன்.