உடையார்குடிக் கல்லில் நந்தினி இல்லை

நேற்று இரவுதான் காட்டுமன்னார்கோயிலில் இருந்து திரும்பினேன். போகும் வழி, செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆட்டோக்காரர் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பிடித்துக்கொண்டார். "ஆதித்த கரிகாலனைக் கொன்ன கடம்பூர் மாளிகை இருந்த இடத்தைக் காட்டுறேன் சார், 700 குடுங்க." மொத்தச் செலவே 1,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும் எனக்கு. 500-க்குப் பேசி ஏறினேன். மேலக்கடம்பூரில் ஒரு மேட்டைக் காட்டி, "இங்கதான் வெட்டுனாங்க" என்றார். ராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை. ஆனால் கடம்பூரில் கொலை நடந்ததாகவும், அதில் நந்தினி என்ற பெண்ணுக்குப் பங்கு இருந்ததாகவும் நாவலில் எழுதியது கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950-இல் தொடராக வரத் தொடங்கியது. அந்தக் கதைக்கு இன்று ஒரு மேடும் கிடைத்துவிட்டது. பக்கத்திலேயே தேர் போலச் சக்கரமும் குதிரையும் வைத்துக் கட்டிய குலோத்துங்கன் காலத்துக் கோயில் இருக்கிறது. அதற்கு வண்டியை நிறுத்தவே அவருக்கு மனம் இல்லை!

திரும்பி வந்து வீரநாராயணப் பெருமாளைச் சேவித்தேன். புளியோதரை கிடைத்தது. மிளகு தூக்கலாக, இலையில் எண்ணெய் வழிய, அப்படி ஒரு ருசி. அதோடு மதியச் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கும்பகோணத்து அம்மாவுக்கு இது வைணவ ஆசாரியர் நாதமுனிகள் அவதரித்த ஊர். 'ஆராவமுதே' பத்துப் பாட்டைக் கேட்டு, மிச்சத்தைத் தேடிப் போய் ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களையும் அவர் மீட்டுவந்த கதையை நேரில் பார்த்தவர் போலச் சொன்னார். சோழ இளவரசன் கதை எதுவும் அவர் கேட்டதில்லை. அந்தக் கொலையைச் சொல்லும் கல்வெட்டைப் பார்க்க உடையார்குடிக்குப் போகிறேன் என்றதும், "சரி, நானும் வரேம்பா" என்று கிளம்பிவிட்டார்.

அனந்தீசுவரர் கோயில் சுவரில், கையோடு கொண்டுபோன கல்வெட்டின் அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகத் தேடினேன். கிரந்தம் கலந்த எழுத்து, இடுக்கெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அரை மணி நேரம் கழித்து அந்தப் பெயர் அகப்பட்டது: ரவிதாஸன்! ஒன்பதாம் வகுப்பில் நாவலைப் படித்ததில் இருந்து மந்திரவாதியாகவே மனதில் இருந்தவன். இங்கே அவன் 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்று பட்டம் பெற்ற அதிகாரி. சோமன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்களும் கூடவே வருகிறார்கள். 'கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' இவர்களின் சொத்தையும், தாய்மாமன் வரை உறவுக்காரர்களின் சொத்தையும் பறிக்கச் சொல்கிறது ராஜராஜனின் 2-ஆம் ஆண்டு ஆணை. நந்தினி இல்லை, கடம்பூர் இல்லை, எதற்காகக் கொன்றார்கள் என்றும் இல்லை.

வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி இதை வைத்து, ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனைச் சந்தேகித்தார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். நானோ நாவலை மூடிய அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன். நாவலைத் தாராளமாகப் படியுங்கள், நான் இன்னும் படிப்பேன். ஆனால் அதை வரலாறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்த அந்த அம்மா, "கொன்னவங்க பேரெல்லாம் இருக்கே, செத்த பிள்ளைக்கு என்ன வயசு?" என்றார்.

கல்லில் அதுவும் இல்லை.